கதைப் புத்தகத்தைப் பிள்ளைக்கு வாசிக்கும்போது உள்ளபடியே வாசிப்பதா, பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்வதா?

கரிசல்காட்டான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். மகளுக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். போன வருடம் மாவட்டப் புத்தகத் திருவிழாவில் அவளுக்கென்று மூன்று படக்கதைப் புத்தகங்கள் வாங்கினேன். அதில் கிணற்றடியில் நிற்கும் ஓர் ஆட்டுக்குட்டியைப் பற்றிய புத்தகம்தான் அவளுக்கு உயிர். இரவு ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் தினமும் கால் மணி நேரம் மடியில் உட்கார வைத்து வாசிக்கிறேன்.

இதில் வீட்டுக்குள்ளேயே இரண்டு கட்சியாகிவிட்டது.

புத்தகத்தில் இப்படி இருக்கிறது: "ஆட்டுக்குட்டி மெல்ல எட்டிப் பார்த்தது. கிணற்றுக்குள் இன்னோர் ஆட்டுக்குட்டி தெரிந்தது. யார் நீ என்று அது வினவியது." நான் வாசிக்கும்போது, "ஆட்டுக்குட்டி மெதுவா எட்டிப் பாத்துச்சு. கெணத்துக்குள்ள இன்னொரு ஆட்டுக்குட்டி தெரிஞ்சுச்சு. யாரு நீன்னு கேட்டுச்சு" என்று மாற்றித்தான் சொல்வேன். பிள்ளை சிரித்துக்கொண்டே கேட்கும். என் மனைவிக்கும் இதுதான் பிடித்திருக்கிறது. பிள்ளைக்குப் புரிந்தால் போதும் என்கிறாள்.

என் அம்மா பள்ளிக்கூடமே போகாதவர். கட்டிலில் படுத்தபடி தினமும் அவரும் கேட்பார். ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து, "புஸ்தகத்துல அப்படியாப்பா போட்டிருக்கு?" என்றார். இல்லை, நான்தான் மாற்றிச் சொல்கிறேன் என்றேன். "பேச்சுலதான் நான் ஆயிரம் கதை சொல்றேனே. புஸ்தகத்துல என்ன இருக்குன்னு நீ படிச்சாத்தானே எங்களுக்குத் தெரியும்" என்றார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

அடுத்த இரண்டு நாள் உள்ளபடியே வாசித்தேன். "வினவியதுன்னா என்னப்பா" என்று கேட்டாள். மூன்றாவது பக்கத்தில் மடியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். சரி என்று பழையபடி பேச்சுக்கு வந்தால், "நேத்து இப்படிச் சொல்லல, நீ தப்பாச் சொல்ற" என்று சண்டை. உண்மைதான், மாற்றிச் சொல்லும்போது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி வந்துவிடுகிறது.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். சத்தமாக வாசித்துப் பழக்கமும் இல்லை. எது சரி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்குள் என்னால் ஆனதைச் செய்துவிட வேண்டும்.


இரட்டைப்பிள்ளை அம்மா, கோவை:

வணக்கங்க. எனக்கு ஐந்து வயதில் இரண்டு பேர். பேச்சுத் தமிழில் சொல்லுங்கள் என்பதுதான் என் கருத்து. இந்த வயதில் பிள்ளை கதையை ரசிக்க வேண்டும், புத்தகத்தைப் பார்த்தால் ஓடிவர வேண்டும். மடியை விட்டு இறங்கிப் போய்விட்டாள் என்று நீங்களே சொல்கிறீர்கள். அதைவிட வேறு என்ன வேண்டும்?

இன்னொன்று. பல புத்தகங்களில் இருப்பது தமிழே இல்லை. இங்கிலீஷிலிருந்து வரி வரியாக மாற்றி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒரு யானைக் கதை இருக்கிறது. "குட்டி யானை தனது காலணிகளைத் தேடுவதை நிறுத்தவில்லை" என்று ஒரு வரி. யார் வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? "குட்டி யானை செருப்பைத் தேடிக்கிட்டே இருந்துச்சு" என்றுதான் நான் சொல்வேன். பிள்ளைகளுக்கு உடனே படம் ஓடும்.


ஒன்றாம் வகுப்பு டீச்சர்:

தம்பி, உங்கள் அம்மா சொன்னதை இரண்டு தடவை வாசித்தேன். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமங்களில் 34 வருடம் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் ஒன்றாம் வகுப்புதான். உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

ஒரு பையன். பள்ளி திறந்து இரண்டரை மாதம் ஆகியிருக்கும். புத்தகத்தில் சொம்பும் டம்ளரும் வரைந்திருக்கிறது, கீழே ஒரு சொல். விரலை வைத்துக் கூட்டுகிறான். "பா... ல்." இரண்டு எழுத்தும் சரியாக வந்துவிட்டன. சேர்த்தும் சொல்லிவிட்டான். ஆனால் முகத்தில் ஒன்றும் வரவில்லை. மறுபடி "பால்" என்கிறான், என்னைப் பார்க்கிறான். விடியற்காலையில் மாடு கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றும் வீட்டுப் பிள்ளை அவன். பாலைத் தெரியாதவனா? அவன் வீட்டில் அது "பாலு". "ல்" என்று நின்றுவிடும் அந்தச் சொல்லை அவன் காது கேட்டதே இல்லை. "பாலுதாண்டா" என்றேன். பளிச்சென்று சிரித்தான். அப்புறம் புத்தகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்ப 'லு' எங்க டீச்சர்?"

அந்தக் கேள்வியை நான் இன்று வரை மறக்கவில்லை. கண்ணு, கல்லு, மீனு, நாயி என்று வீட்டில் நிறையச் சொற்களுக்கு ஒரு வால் உண்டு. புத்தகத்தில் அந்த வால் கிடையாது. வீட்டில் "அவங்க", புத்தகத்தில் "அவர்கள்". வீட்டில் "இருக்கு", புத்தகத்தில் "இருக்கிறது". "வீட்லருந்து" என்பது "வீட்டிலிருந்து" ஆகிவிடுகிறது. ஒன்றாம் வகுப்புக்கு வருகிற பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. எழுத்தை அடையாளம் கண்டு கூட்டுவது ஒன்று. கூட்டிய பிறகு வருகிற சொல் தனக்குத் தெரிந்த சொல்தான் என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலை பெரியவர்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. எழுத்து தெரிகிறது, பிறகும் ஏன் திணறுகிறது என்று பிள்ளையைத்தான் கோபித்துக்கொள்கிறோம். "அவர்கள்" என்று இருக்கிற இடத்தில் "அவங்க" என்று வாசித்த பிள்ளையை அதட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பொருள் புரிந்ததால்தானே அது மாற்றி வாசித்தது?

மடியில் உட்கார்ந்து புத்தகத் தமிழைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்த இரண்டாவது வேலை வீட்டிலேயே முடிந்துவிடுகிறது. பள்ளிக்கு வரும்போது எழுத்து மட்டும்தான் பாக்கி.

எழுத்திலும் இது உதவும். தமிழில் க ஒன்றுதான், ஒலி பல. கடல், தங்கம், மகன், பக்கம் நான்கையும் சொல்லிப் பாருங்கள். பேச்சில் புழங்கும் சொல் என்றால் பிள்ளைக்குத் தானாக வந்துவிடும். "முகில்" போலப் புத்தகத்தில் மட்டும் வருகிற சொல்லை ஒரு தடவையும் கேட்டிராத பிள்ளை "முக்கில்" என்று அழுத்தித்தான் வாசிக்கும். இதற்கு விதி சொல்லிக் கொடுத்து ஐந்து வயதில் ஆகாது. காதில் விழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நானே இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். முதல் ஏழெட்டு வருடம், எழுத்து எல்லாம் முடிந்த பிறகுதான் கதை என்று வைத்திருந்தேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247ஐயும் சிலேட்டில் எழுதி முடிப்பதற்குள் இரண்டாம் வகுப்பில் பாதி போய்விடும். அத்தனை மாதம் அந்தப் பிள்ளைகள் ஒரு முழு வாக்கியத்தைப் புத்தகத்திலிருந்து கேட்கவே இல்லை. ஒரு ஐப்பசி அடைமழையில் எழுதுவதற்கு வெளிச்சமில்லாமல், வாசலோரம் உட்கார்ந்து மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்திலிருந்து ஒரு கதையை வாசித்தேன். யாரும் அசையவில்லை. மறுநாள் வந்ததும் வராததுமாக, "நேத்து மாதிரி படிங்க டீச்சர்" என்றார்கள். "கதை சொல்லுங்க" என்று கேட்கவில்லை, "படிங்க" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து தினமும் மதியம் சாப்பாடு முடிந்த கையோடு வாசித்தேன். 2007இல் செயல்வழிக் கற்றல் வந்து வகுப்பறையே அட்டைகளால் நிறைந்தபோதும் அந்த நேரத்தை மட்டும் விடவில்லை. முதல் வருடங்களில் என்னிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, உங்கள் பிள்ளை இறங்கிப் போனதற்கு வருவோம். நேற்று வரை பேச்சில் கேட்டதைத் திடீரென்று நீங்கள் மாற்றிவிட்டீர்கள். அதுவும் அநேகமாகப் பள்ளியில் எழுந்து நின்று வாசிப்பது போல ஒரே குரலில் வாசித்திருப்பீர்கள். இப்படிச் செய்து பாருங்கள். முதலில் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு, அட்டைப் படத்தைக் காட்டிக் கதையை நம் பேச்சில் இரண்டு நிமிடம் சொல்லிவிடுங்கள். ஆட்டுக்குட்டி கிணத்துக்குப் போகப் போகுது, உள்ள யாரோ இருக்காங்களாம், வா பாப்போம் என்று. அப்புறம் புத்தகத்தைத் திறந்து, உள்ளபடியே, மெதுவாக, ஆட்டுக்குட்டிக்கு ஆட்டுக்குட்டி குரலில் வாசியுங்கள். "வினவியது" வந்தால் நிறுத்திப் பாடம் நடத்த வேண்டாம். "யார் நீ என்று அது வினவியது" என்று வாசித்துவிட்டு, அதே மூச்சில் "யாருன்னு கேட்டுச்சு" என்று சேர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். நாலு நாளில் அந்த ஒட்டு தேவைப்படாது. வாசித்து முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேச்சில் பேசுங்கள். வாசிக்கும்போது புத்தகத் தமிழ், பேசும்போது வீட்டுத் தமிழ். இரண்டும் அவளுக்கு வேண்டும்.

வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே வாசியுங்கள், ஒவ்வொரு சொல்லாகத் தட்ட வேண்டாம். கதை நடுவில் "இது என்ன எழுத்து" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் மறுபடி இறங்கிப் போய்விடுவாள்.

"நேத்து இப்படிச் சொல்லல" என்று சண்டை போட்டாள் அல்லவா, அது எனக்கு மிகவும் பிடித்தது. புத்தகத்தில் இருப்பது தினமும் மாறாது என்பதைப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. எழுத்து என்றால் என்ன என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது. நீங்கள் மாற்றி மாற்றிச் சொன்னால் அந்தப் பாடம் அவளுக்குக் கிடைக்காமல் போகும்.

கோவை அம்மா சொன்னதும் நிஜம். வாயில் நுழையாத புத்தகங்கள் நிறைய வருகின்றன. அந்தச் செருப்பு வரியை நானும் மாற்றித்தான் வாசிப்பேன், "செருப்பைத் தேடிக்கொண்டே இருந்தது" என்று. வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே நின்று முதல் பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். இரண்டு இடத்தில் நாக்கு தட்டினால் வைத்துவிடுங்கள்.


கரிசல்காட்டான்:

டீச்சர், மிகவும் நன்றி. நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பால் கறக்கிற வீட்டுப் பையன் கதையை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

இன்னும் ஒரு சந்தேகம். மற்ற இரண்டு புத்தகத்தைத் தொடவே விடமாட்டேன் என்கிறாள். தினமும் அதே ஆட்டுக்குட்டி. ஒரே புத்தகத்தை இப்படி வாசிப்பதில் பயன் உண்டா, இல்லை கட்டாயப்படுத்தி மாற்ற வேண்டுமா?


பால்வாடி அக்கா:

தம்பி, மாற்றவே மாற்றாதீர்கள். திண்டுக்கல் பக்கம் அங்கன்வாடிப் பணியாளர் நான், 16 வருடம் ஆகிறது. என் மையத்தில் 19 பிள்ளைகள். ஒரு குருவிக் கதையை இந்த வருடம் எத்தனை தடவை வாசித்தேன் என்று எண்ணவில்லை, அட்டை பிய்ந்து செலோடேப் ஒட்டியிருக்கிறேன்.

முதல் தடவை வாசிக்கும்போது பாதிப் பிள்ளைகள் படத்தை மட்டும் பார்க்கும். மூன்றாவது தடவை, அடுத்து என்ன வரும் என்று கத்தும். அப்புறம் நான் வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்துவேன். "குருவி மரத்தில் கூடு..." என்று இழுத்தால், எல்லாம் சேர்ந்து "கட்டியது!" என்று சொல்லும். "கட்டுச்சு" என்று ஒன்றுகூடச் சொல்லாது. அந்த "கட்டியது" அவர்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல்.

ஒரு பெண் குழந்தை சேர்ந்து நாலு மாதம் வாயே திறக்கவில்லை. ஆயாம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே நிற்கும். ஒரு நாள் சத்துமாவு உருண்டை கொடுத்து முடித்துவிட்டுக் கை கழுவி வந்து பார்க்கிறேன், பாயில் தனியாக உட்கார்ந்து அந்தக் குருவிப் புத்தகத்தைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு "பறந்து வந்தது... பறந்து வந்தது... அமர்ந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆயாம்மாவும் நானும் கதவுப் பக்கமே நின்றுவிட்டோம். உள்ளே போனால் நிறுத்திவிடுமோ என்று பயம். பேச்சே வராத பிள்ளை வாயில் முதலில் வந்தது புத்தகத்துச் சொல்.

என் கஷ்டம் வேறு. 19 பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால் பின்னால் இருப்பவர்களுக்குப் படமும் தெரியாது, எழுத்தும் தெரியாது. அதனால் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கதையைக் கை அகல எழுத்தில் எழுதி, பக்கத்துக்கு ஒரு வரியாக வைத்துக் கயிற்றில் தொங்கவிடுகிறேன். படம் வரைய எனக்கு வராது, எங்கள் ஊர்ப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரைந்து தருவாள். காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள், பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்தில் போய்ப் பாருங்கள். 2015இலிருந்து நடத்துகிறார்கள், தமிழிலும் நிறையக் கதைகள் உண்டு, இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எல்லாமே நன்றாக இருக்கும் என்று சொல்லமாட்டேன். டீச்சர் சொன்னபடி வாய்விட்டு வாசித்துப் பார்த்துத்தான் எடுப்பேன். செல்போனில் காட்டுவதைவிடத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தால் பிள்ளைகள் கையில் வைத்துப் புரட்டும்.


ஸ்காபரோ அப்பா:

நான் யாழ்ப்பாணம், இருப்பது கனடாவில். எங்கள் வீட்டில் பிள்ளையோடு பேசுவதை "கதைக்கிறது" என்போம். ஷூவுக்குச் "சப்பாத்து", பிரெட்டுக்குப் "பாண்". மகன் சிறியவனாக இருந்தபோது டொராண்டோ பொது நூலகத்திலிருந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கான புத்தகங்களை எடுத்து வருவேன். பெரும்பாலும் சென்னையில் அச்சானவை. முதலில் நானும் எங்கள் பேச்சுக்கு மாற்றித்தான் வாசித்தேன். ஒரு விடுமுறைக்கு மதுரைக்காரக் குடும்பம் ஒன்று வந்து தங்கியது. அவர்களுடைய மகளும் என் மகனும் ஒரே வயது. அவள் வேகமாகப் பேசியது இவனுக்கு விளங்கவில்லை, இவன் கதைத்தது அவளுக்கு விளங்கவில்லை. இருவரும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை.

அன்று இரவு அவளுடைய அப்பா ஒரு புத்தகத்தை எடுத்து, உள்ளதை உள்ளபடியே இரண்டு பேருக்கும் வாசித்தார். இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் பொதுவாக இருக்கிற தமிழ் அந்தப் புத்தகத்தில் இருக்கிற தமிழ்தான் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். அதற்குப் பிறகு நான் மாற்றி வாசிக்கவில்லை. மகனுக்கு இப்போது 11 வயது. எழுத்துத் தமிழைப் பார்த்தால் மிரளமாட்டான். வாசிப்பது மெதுவாகத்தான், ஆனால் வாசிக்கிறான்.


காதும் பேச்சும்:

நான் சென்னையில் பேச்சுப் பயிற்சியாளராக இருக்கிறேன். டீச்சரும் பால்வாடி அக்காவும் அனுபவத்தில் சொன்னதற்கு நெருக்கமான ஓர் ஆய்வு உண்டு, அதைப் பகிர்ந்தே ஆக வேண்டும் என்று தோன்றியது.

நம்மைப் போலவே வீட்டில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று என்று இரட்டை வழக்கு உள்ள மொழி அரபு. அங்கேயும் பாலர் பள்ளி ஆசிரியர்கள், பிள்ளைக்கு எழுத்து வழக்கு புரியாது என்று நினைத்து, புத்தகத்தைப் பார்த்தபடியே பேச்சு அரபியில் மாற்றிச் சொல்வது வழக்கமாக இருந்தது. நீங்கள் செய்ததேதான். ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டினா ஃபைட்டல்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் அரபு பேசும் பாலர் வகுப்புகளில், சில மாதங்கள் தினமும் கதைகளை எழுத்து வழக்கிலேயே வாசிக்க வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகள், அப்படிக் கேட்காத பிள்ளைகளைவிடக் கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். படம் பார்த்துத் தாங்களே கதை சொன்னபோதும் அவர்கள் பேச்சு வளமாக இருந்தது. 1993இல் இது வெளியானது. 2000இல் சலீம் அபு ராபியா, பாலர் பருவத்திலேயே எழுத்து வழக்கைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் முதல் இரண்டு வகுப்புகளில் படித்துப் புரிந்துகொள்வதில் முன்னால் இருந்ததைக் காட்டினார்.

தமிழ் அரபு ஆகிவிடாது. நம் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் வேறு மாதிரி. ஆனால் "சின்னப் பிள்ளைக்கு எழுத்து வழக்கு புரியாது" என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அந்த எண்ணம் தவறு என்று அங்கே தெரிந்துவிட்டது.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வாசித்து முடித்த பிறகு நடக்கும் பேச்சும் வாசிப்பைப் போலவே முக்கியம். அமெரிக்காவில் 1988இல் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் ஒரே ஒரு மாதம், இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு, எப்படிக் கேள்வி கேட்டு வாசிப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். "இது என்ன" என்று கேட்பதற்குப் பதிலாக "இது ஏன் இப்படிப் பண்ணுது", "அப்புறம் என்ன ஆகும்" என்று கேட்பது, பிள்ளை சொல்வதை எடுத்து இன்னும் ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்வது, இவ்வளவுதான். வழக்கம்போல வாசித்துக் காட்டிய வீட்டுப் பிள்ளைகளைவிட அந்தப் பிள்ளைகளின் பேச்சு நன்றாக முன்னேறியது. உங்கள் மகள் "ஆட்டுக்குட்டி பயந்துச்சு" என்றால், "ஆமா, தண்ணிக்குள்ள தன்னையே பாத்து பயந்துச்சு" என்று சொல்லுங்கள். அது வீட்டுத் தமிழிலேயே இருக்கட்டும்.


இரட்டைப்பிள்ளை அம்மா, கோவை:

டீச்சருக்கு நன்றிங்க. நேற்று ஒரு புத்தகத்தை உள்ளபடியே வாசித்தேன். இருவரும் கேட்டார்கள். காலையில் பெரியவள் தட்டைக் காட்டி, "அம்மா, தோசை தீர்ந்துவிட்டது" என்றாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.


கரிசல்காட்டான்:

மூன்று வாரம் ஆகிவிட்டது. என்ன நடந்தது என்று சொல்ல வந்தேன்.

டீச்சர் சொன்னபடிதான் செய்கிறேன். முதலில் பேச்சில் கொஞ்சம், அப்புறம் உள்ளபடியே. "வினவியது" வருகிற இடத்துக்கு இப்போது அவளே காத்திருக்கிறாள். போன வாரம் எனக்குப் பகல் ஷிப்ட். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் அப்பத்தா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, புத்தகத்தை இரண்டு பேர் மடியிலும் படுகிற மாதிரி வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். எழுத்து இன்னும் தெரியாது, எல்லாம் மனப்பாடம். ஆனால் விரல் வரிக்குக் கீழே ஓடுகிறது. "எட்டிப் பார்த்தது" என்று சொல்லி முடிப்பதற்குள் விரல் வரியின் கடைசிக்குப் போய்விட்டது. நிறுத்தினாள். விரலை மறுபடி முதலுக்குக் கொண்டுவந்து, இன்னும் மெதுவாக ஆரம்பித்தாள். இந்தத் தடவை வாயும் விரலும் ஒரே இடத்தில் முடிந்தன.

அம்மா கேட்டார்: "இதுல ஆட்டுக்குட்டி எங்க இருக்கு?"

அவள் படத்தைத் தொட்டாள்.

"படத்தக் கேக்கல தாயி. எழுத்துல எங்க இருக்கு?"

கொஞ்ச நேரம் பார்த்தாள். வாய்க்குள் முதல் வரியைச் சொல்லிக்கொண்டே வந்து, முதல் சொல்லில் விரலை வைத்தாள். சரியான இடம்தான். அப்புறம் அடுத்த பக்கத்தைத் திருப்பி, அங்கேயும் அதே சொல் இருக்கிறதைத் தேடிக் காட்டினாள். அம்மா குனிந்து, அந்தச் சொல் மேல் தன் விரலை வைத்து, முதல் எழுத்தை மட்டும் தடவித் தடவிப் பார்த்தார். "இதுதான் ஆவன்னாவா?" என்றார். நான் ஆமாம் என்றேன்.

நேற்று இரவு, எழுத்து ரொம்பப் பொடியாகத் தெரிகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகிறேன்.